இரு முனையும் சேர்ந்து உயர வேண்டும்: தொலைத்திரைக் கோளாறுகளும் மென்பொருள் மேம்படுத்தலும்

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, கிள்ளான் பள்ளத்தாக்கின் சிறு அலுவலகங்கள் பலவற்றில் கணினிகள் அலுவலகத்தில் சிக்கின, ஊழியர்கள் வீட்டில் சிக்கிக்கொண்டார்கள். போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் முகவர், பிரிக்பீல்ட்ஸ் கடை வரிசையின் மாடியில் கணக்குப் பணி செய்பவர், ஜாலான் தெங்கு கிளானாவில் துணிக்கடை வைத்திருப்பவர் ஆகிய அனைவருக்கும் அப்போது கைகொடுத்தது ரிமோட் டெஸ்க்டாப் என்னும் தொலைத்திரை மென்பொருள்தான். ஆணை நீங்கிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அந்தப் பழக்கம் நீங்கவில்லை. கடையை மூடிவிட்டு வந்தவர் இரவில் வீட்டிலிருந்து இருப்புக் கணக்கைப் பார்க்கிறார். கணக்காளர் வாடிக்கையாளரின் கணினிக்குள் நுழைந்து இ-இன்வாய்ஸ் பிழையைத் திருத்துகிறார்.

பழக்கம் நிலைத்ததோடு கோளாறுகளும் நிலைத்துவிட்டன. நேற்று இணைந்த கணினி இன்று மறுக்கிறது. இணைந்தாலும் திரை கறுத்துக் கிடக்கிறது, அல்லது இங்கிருந்து நகலெடுத்த தமிழ் வரி அங்கே ஒட்டும்போது கேள்விக்குறிகளாக விழுகிறது. தெரிந்த தொழில்நுட்பரைக் கேட்டால் “அப்டேட் பண்ணுங்க” என்கிறார். பெரும்பாலும் அது சரியான பதில்தான். எதை, எந்த முனையில், ஏன் மேம்படுத்த வேண்டும் என்பது தெரியாமல் செய்தால் அது அரைகுறை வைத்தியமாகிவிடும். மேம்படுத்தல் எந்தக் கோளாற்றை எப்படித் தீர்க்கிறது, எதைத் தீர்க்காது, எப்போது அதுவே கோளாற்றைக் கொண்டுவருகிறது என்பதை நடந்த நிகழ்வுகளை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு மென்பொருள், ஒரு நெறிமுறை

தொலைத்திரையில் எப்போதும் இரண்டு மென்பொருள்கள் வேலை செய்கின்றன. தொலைவில் உள்ள கணினியில் ஓடி அதன் திரையை அனுப்புவது சர்வர். நம் முன்னால் உள்ள கணினியில் அந்தத் திரையைக் காட்டி, நம் விசைத் தட்டல்களையும் சுட்டியின் அசைவுகளையும் திருப்பி அனுப்புவது வியூவர். இரண்டும் பேசிக்கொள்ளும் முறைக்கு நெறிமுறை என்று பெயர்.

உலகில் பரவலாக உள்ள நெறிமுறைகள் இரண்டு. விஎன்சி 1990களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வகத்தில் பிறந்தது. அந்த ஆய்வகம் பிறகு ஏடி அண்ட் டி நிறுவனத்தின் கைக்குப் போய், 2002இல் மூடப்பட்டது. அதிலிருந்து வெளிவந்தவர்கள் அதே ஆண்டில் ரியல்விஎன்சி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மூல நிரல் திறந்திருந்ததால் டைட்விஎன்சி, அல்ட்ராவிஎன்சி, டைகர்விஎன்சி என்று பல கிளைகள் உருவாயின. விஎன்சி திரையைப் படப்புள்ளிகளாகவே அனுப்புகிறது. இணைப்பு நுழையும் வாயிலாகிய போர்ட்டின் எண் அதற்கு வழக்கமாக 5900. மற்றொன்று மைக்ரோசாஃப்டின் ஆர்டிபி. 1998இல் விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வர் பதிப்போடு வந்த இது, 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வழியாகச் சாதாரணப் பயனரை அடைந்தது. இதன் போர்ட் எண் 3389. இவற்றுக்கு அப்பால் டீம்வியூவர், எனிடெஸ்க் போன்றவை தங்களுக்கென்று தனி நெறிமுறை வைத்துக்கொண்டு, நிறுவனத்தின் இடைநிலை சர்வர்கள் வழியாக இரு கணினிகளையும் சேர்த்து வைக்கின்றன.

இணைப்பு தொடங்கும்போது இரு முனைகளும் முதலில் தம் பதிப்பு எண்ணைச் சொல்லிக்கொள்கின்றன. பிறகு எந்த வகைப் பாதுகாப்பு, எந்த வகைப் படச் சுருக்கம் என்று ஒவ்வொன்றிலும் உடன்பாடு காண்கின்றன. ஒரு முனை பேசும் முறை மற்றதற்குத் தெரியாவிட்டால் உடன்பாடு முறிகிறது. தொலைத்திரைக் கோளாறுகளில் பெரும்பங்கு இந்த முறிவிலிருந்து வருவதுதான். அதனால்தான் ஒரு முனையை மட்டும் மேம்படுத்திவிட்டு மற்றதை அப்படியே விடும்போது கோளாறு தீராமல் போகிறது. சில நேரம் புதிதாகவே முளைக்கவும் செய்கிறது.

2018 மே: ஒரு பாடம்

இதற்குச் சிறந்த சான்று 2018இல் விண்டோஸ் பயனர்கள் உலகெங்கும் சந்தித்த சிக்கல். ஆர்டிபி இணைப்பில் பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்க உதவும் கிரெட்எஸ்எஸ்பி என்னும் பகுதியில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. இணைப்பின் நடுவே புகுந்துகொள்ளும் ஒருவர், பயனரின் அனுமதியைப் பயன்படுத்தித் தொலைக் கணினியில் தன் கட்டளைகளை ஓட்டிவிட முடியும். மைக்ரோசாஃப்ட் இதற்கான திருத்தத்தை மார்ச் மாதமே வெளியிட்டது. ஆனால் அதைக் கட்டாயமாக்கவில்லை. மே 8ஆம் தேதி வந்த புதுப்பிப்பில்தான் விதி இறுகியது. திருத்தப்பட்ட வியூவர், திருத்தப்படாத சர்வரோடு பேச மறுத்தது.

விளைவு என்ன? வீட்டிலுள்ள மடிக்கணினி தானாகப் புதுப்பித்துக்கொண்டது. அலுவலகத்தின் மூலையில் இருந்த சர்வரை மாதக்கணக்கில் யாரும் தொடவில்லை. மறுநாள் இணைக்க முயன்றவர்களுக்கு அடையாளச் சரிபார்ப்புப் பிழை என்ற செய்திதான் கிடைத்தது. புதிதாகப் புதுப்பிக்கப்பட்டது மடிக்கணினி என்பதால் பழியும் அதன் மேலேயே விழுந்தது. பலர் அந்தப் புதுப்பிப்பை நீக்கினார்கள். வேறு பலர் விண்டோஸின் அமைப்புப் பதிவேடாகிய ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றிப் பழைய ஓட்டையைத் தாமே திறந்துவிட்டார்கள். இணைப்பு உடனே வந்தது, ஓட்டையும் கூடவே வந்தது.

சரியான தீர்வு எளியது. பழுது சர்வரில் இருந்ததால் சர்வரைப் புதுப்பித்து மறுதொடக்கம் செய்தால் போதும். பிழைச் செய்தி தோன்றும் முனையும் பழுது இருக்கும் முனையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தொலைத்திரையைப் பராமரிப்பவர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய முதல் விதி இதுவே. மாற்றிய ரெஜிஸ்ட்ரி மதிப்பை, சர்வர் சரியான பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்த கணினிகள் இன்றும் இருக்கக்கூடும். தற்காலிகச் சமாளிப்புகளுக்கு நீண்ட ஆயுள் உண்டு.

லினக்ஸ் உலகிலும் இதே கதை நடந்தது. 2014இல் வந்த உபுண்டு 14.04இன் திரைப் பகிர்வு மறையாக்கத்தை இயல்பாகவே கட்டாயமாக்கியது. விண்டோஸில் இருந்த பல விஎன்சி வியூவர்களுக்கு அந்த மறையாக்க வகை தெரியவில்லை, இணைப்பு மறுக்கப்பட்டது. பரவலாகச் சொல்லப்பட்ட தீர்வு, ஒரே கட்டளையில் மறையாக்கத்தை அணைத்துவிடுவது. வீட்டு வலைக்குள் இரண்டு கணினிகளுக்கு இடையில் அது பெரிய ஆபத்தில்லை. பொது இணையத்தைக் கடக்கும் இணைப்பில் அதைச் செய்தால், திரையில் தெரிவதெல்லாம் வழியில் காத்திருப்பவருக்கும் தெரிந்துவிடும். 2022இல் உபுண்டு 22.04 வந்தபோது அந்தப் பழைய பகிர்வுப் பகுதி விலகி, ஆர்டிபி முதன்மை நெறிமுறையானது. மேம்படுத்தியவர்கள் போர்ட் எண்ணையும் வியூவரையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது. அதாவது ஒரு மேம்படுத்தல் பழைய பிழையைத் திருத்துவதோடு நிற்காமல், முழு ஏற்பாட்டையும் மாற்றிவிடவும் கூடும். வெளியீட்டுக் குறிப்பைப் படிக்காமல் பொத்தானை அழுத்தக் கூடாது என்பது இதனால்தான்.

கேள்விக்குறியான தமிழ்

தமிழ்ப் பயனருக்கு மிக நெருக்கமான கோளாறு, நகலெடுத்ததை ஒட்டும்வரை வைத்திருக்கும் கிளிப்போர்டில் இருக்கிறது. கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளி, திருமண மண்டபம், அச்சகம் எதுவானாலும் தொலைக் கணினியில் தமிழில் வேலை செய்பவர் இதைச் சந்தித்திருப்பார். வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பிதழ் வாசகத்தைத் தம் மடிக்கணினியில் நகலெடுத்து, விஎன்சி வழியாக அச்சகத்துக் கணினியில் ஒட்டுகிறார். ஆங்கிலப் பெயர்களும் எண்களும் சரியாக விழுகின்றன. தமிழ் இருந்த இடங்களில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கின்றன, அல்லது ஒன்றுமே இல்லை. எழுத்துருவை மாற்றிப் பார்க்கிறார், விசைப்பலகையை மாற்றிப் பார்க்கிறார். பயன் இல்லை.

காரணம் எழுத்துருவில் இல்லை, நெறிமுறையில் இருக்கிறது. விஎன்சியின் அடிப்படை நெறிமுறை 2011இல் ஆர்எஃப்சி 6143 என்னும் ஆவணமாகப் பதிவானது. கிளிப்போர்டில் உள்ள எழுத்தை லத்தீன்-1 குறிமுறையில் அனுப்ப வேண்டும் என்று அது வரையறுக்கிறது. லத்தீன்-1 ஓர் எழுத்துக்கு ஒரு பைட் மட்டுமே கொண்டது. மேற்கு ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகளோடு அதன் இடம் தீர்ந்துவிடுகிறது. யூனிகோடில் தமிழ் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரையிலான இடத்தில் இருக்கிறது. அந்த எண்களை ஒற்றைப் பைட்டுக்குள் அடக்க வழியே இல்லை. வாசகம் உங்கள் கணினியை விட்டுப் புறப்படும்போதே தமிழ் உதிர்ந்துவிடுகிறது. மறுமுனைக் கணினியில் எத்தனை தமிழ் எழுத்துருக்கள் இருந்தாலும் வராத எழுத்தைக் காட்ட முடியாது.

யூனிகோடுக்கு முந்திய டிஸ்கி போன்ற குறிமுறைகள் தமிழ் வடிவங்களை ஒற்றைப் பைட் எண்களிலேயே வைத்திருந்தன. அதனால் ஒரு பைட் மட்டுமே கடக்கும் பாதையிலும் அவை உருக்குலையாமல் போக வாய்ப்பு இருந்தது. முன்பெல்லாம் ஒட்ட முடிந்ததே என்று மூத்த பயனர் ஒருவர் சொன்னால் அவர் நினைவு தவறாக இருக்க வேண்டியதில்லை. தமிழ் யூனிகோடுக்கு முன்னேறியது. விஎன்சியின் கிளிப்போர்டு பின்தங்கி நின்றது.

இதற்குத் தீர்வு மேம்படுத்தலில்தான் வந்தது. யுடிஎஃப்-8 குறிமுறையில் எழுத்தை அனுப்பும் நீட்சி ஒன்று நெறிமுறையின் மேல் வளர்ந்தது. 2019 நவம்பரில் வெளிவந்த டைகர்விஎன்சி 1.10.0 முழு யூனிகோடு கிளிப்போர்டைக் கொண்டுவந்தது. இதிலும் அதே நிபந்தனைதான்: வியூவர், சர்வர் இரண்டுமே அந்த நீட்சியை அறிந்திருக்க வேண்டும். ஒரு முனையில் புதிய பதிப்பும் மறுமுனையில் பழைய பதிப்பும் இருந்தால், இரண்டும் பழைய லத்தீன்-1 வழிக்கே இறங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, இணைப்பு நன்றாகவே தெரியும், தமிழ் மட்டும் காணாமல் போகும். மடிக்கணினியில் புதிய பதிப்பை நிறுவிவிட்டு “அப்டேட் பண்ணியும் சரியாகலையே” என்று சலித்துக்கொள்பவர், மறுமுனையின் பதிப்பு எண்ணைப் பார்க்க வேண்டும். ஆர்டிபியில் கிளிப்போர்டு யூனிகோடு எழுத்தைக் கையாள்வதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

தட்டச்சிலும் இதற்கு உறவான ஒரு கோளாறு உண்டு. விஎன்சி ஒவ்வொரு விசைத் தட்டலையும் ஒரு குறியெண்ணாக அனுப்புகிறது. ஆங்கில எழுத்துகளுக்கான குறியெண்கள் எல்லா மென்பொருளுக்கும் தெரியும். தமிழ் எழுத்துக்கான குறியெண்ணைப் பழைய சர்வர்கள் பல அறியா. இங்கே தமிழ் விசைப்பலகையை இயக்கித் தட்டினால் அங்கே ஒன்றும் விழாமல் போவதும், இரு முனைகளிலும் தமிழை இயக்கிவிட்டால் எழுத்துகள் குழம்புவதும் இதனால்தான். தமிழ் விசைப்பலகையைத் தொலைக் கணினியில் மட்டும் இயக்குவதே நம்பகமான வழி. நம் கணினி ஆங்கிலத்தில் இருக்கட்டும், தட்டல்கள் தட்டல்களாகவே போகட்டும், அவற்றைத் தமிழாக்கும் வேலையை மறுமுனை செய்யட்டும்.

கணினித் தமிழுக்கு மலேசியா புதிய நிலம் அன்று. முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்நாட்டவர். உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரில் நடந்தது. எழுத்துருவுக்கும் விசைப்பலகைக்கும் அவ்வளவு உழைத்த சமூகம், தொலைத்திரை போன்ற அன்றாட மென்பொருள்களில் தமிழ் உடைவதைச் சகித்துக்கொள்ளத் தேவையில்லை.

திரை பேசாதபோது

பிரிக்பீல்ட்ஸை அறிந்தவர்களுக்கு அங்கே பார்வையற்றோர் பெருந்திரளாக வாழ்வதும் வேலை செய்வதும் தெரியும். 1951இல் நிறுவப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகமும் அங்கேதான் இருக்கிறது. அவர்களில் கணினியில் வேலை செய்பவர்கள் திரை வாசிப்பான் என்னும் மென்பொருளின் குரலைக் கேட்டே செயல்படுகிறார்கள். தொலைத்திரை அவர்களுக்கு ஒரு சுவர். வியூவரின் சாளரத்தில் வருவது வெறும் படம். பொத்தான், பட்டியல், எழுத்து என்று பிரித்துச் சொல்ல அதில் எதுவும் இல்லை. பார்ப்பவருக்கு முழுக் கணினியாகத் தெரியும் அதே சாளரம், கேட்பவருக்கு மௌனமாக இருக்கிறது.

தொலைக் கணினியிலும் திரை வாசிப்பானை ஓட்டி, அதன் ஒலியை ஆர்டிபி வழியாகக் கொண்டுவருவது ஒரு வழி. ஒவ்வொரு விசைக்கும் குரல் சற்றுத் தாமதித்து வருவதால் விரைந்து வேலை செய்பவருக்கு அது தொல்லை. இலவசத் திரை வாசிப்பானாகிய என்விடிஏவுக்கு 2015இல் ஒரு நீட்சி வந்தது. படத்தை அனுப்புவதற்குப் பதில் அது பேச வேண்டிய சொற்களையும் விசைத் தட்டல்களையுமே அனுப்பியது. சொற்கள் சிறியவை, விரைந்து செல்பவை. குரல் கேட்பவரின் கணினியிலேயே உருவாகிறது. 2025இல் வெளியான என்விடிஏ 2025.1 பதிப்பில் இந்த வசதி மென்பொருளுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. தனி நீட்சியைத் தேடி நிறுவ முடியாத அலுவலகக் கணினியிலும் இனி அது கிடைக்கும், அந்தக் கணினியின் என்விடிஏ மேம்படுத்தப்பட்டிருந்தால். அலுவலக நிர்வாகி ஒருவர் தம் சர்வரில் பழைய பதிப்பை வைத்திருப்பது, இங்கே ஒரு மனிதர் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியுமா முடியாதா என்பதையே தீர்மானிக்கிறது.

ஓட்டைகள் எவ்வளவு காலம் காத்திருக்கும்

இதுவரை பார்த்தவை பயன்பாட்டைத் தடுக்கும் கோளாறுகள். பயன்பாடு நன்றாக நடக்கும்போதே மறைந்திருக்கும் கோளாறுகள் இவற்றைவிடக் கொடியவை.

2006 மே மாதத்தில் ரியல்விஎன்சி 4.1.1 பதிப்பில் ஓர் ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. எந்தெந்தப் பாதுகாப்பு முறைகளை ஏற்பேன் என்று சர்வர் ஒரு பட்டியல் அனுப்பும், வியூவர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். வியூவர் தேர்ந்தது உண்மையில் தன் பட்டியலில் இருந்ததுதானா என்று அந்தச் சர்வர் சரிபார்க்கவில்லை. “கடவுச்சொல் வேண்டாம்” என்ற முறையை வியூவர் கேட்டால், சர்வர் கதவைத் திறந்துவிட்டது. எவ்வளவு வலுவான கடவுச்சொல் வைத்திருந்தாலும் பயனில்லை. 4.1.2க்கு மேம்படுத்துவதே தீர்வாக இருந்தது.

2019 மே மாதத்தில் ஆர்டிபியில் ப்ளூகீப் என்னும் ஓட்டை வெளியானது. கடவுச்சொல் ஏதும் இல்லாமலே கணினியைக் கைப்பற்றவும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானாகப் பரவவும் அது இடம் கொடுத்தது. 2014 ஏப்ரலில் ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது. ஆபத்தின் அளவுக்கு அதுவே சான்று.

அதே ஆண்டு நவம்பரில் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கேஸ்பர்ஸ்கியின் ஆய்வாளர்கள் நான்கு விஎன்சி மென்பொருள்களில் 37 பாதுகாப்புக் குறைகளை வெளியிட்டார்கள். சில பல ஆண்டுகளாக நிரலுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவை. அவற்றில் வியூவர் பக்கத்துக் குறைகளும் இருந்தன. அதாவது வஞ்சகமான ஒரு சர்வரோடு இணைந்தால், பார்க்கப் போனவரின் கணினியே பாதிக்கப்படலாம். அந்தக் குறைகளில் பெரும்பாலானவை திருத்தம் கண்டன. டைட்விஎன்சியின் 1.x கிளையை மட்டும் உருவாக்குநர்கள் கைவிட்டிருந்ததால் அதற்குத் திருத்தம் வரவில்லை. அதில் இருப்பவர் கிளை மாறுவதைத் தவிர வேறு வழியில்லை. மேம்படுத்தல் என்பது எப்போதும் எண்ணில் ஒன்றைக் கூட்டுவது அன்று. சில நேரம் மென்பொருளையே மாற்றுவது.

2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனம் தன் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததை அறிவித்தது. மென்பொருள் தன்னுடையதுதான் என்று சான்று கூறும் மின்கையொப்பத்தை மாற்றி, புதிய கையொப்பம் கொண்ட பதிப்புக்கு மாறும்படி பயனர்களைக் கேட்டுக்கொண்டது. அங்கே மேம்படுத்தலின் நோக்கம் நிரலில் உள்ள பிழையைத் திருத்துவதாக இல்லை. நம்பிக்கையை மீட்பதே நோக்கம். நிறுவியைத் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்க வேண்டும் என்ற விதி இதிலிருந்து உறுதியாகிறது. வங்கியிலிருந்தோ போலீசிலிருந்தோ பேசுவதாகச் சொல்லி, ஒரு ரிமோட் செயலியை நிறுவும்படி தொலைபேசியில் அவசரப்படுத்துபவர் மோசடிக்காரர் என்றே கொள்ள வேண்டும். பணம் போய்விட்டால் தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் 997 எண்ணை உடனே அழைக்கலாம். கணினி ஊடுருவல் என்றால் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவை இருக்கிறது.

மேம்படுத்தலே கோளாறானால்

“ஓடுற வண்டியைத் தொடாதே” என்பது பல கடைக்காரர்களின் கொள்கை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2025 தொடக்கத்தில் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்கு வந்த புதுப்பிப்புகளுக்குப் பிறகு, விண்டோஸ் சர்வர் 2016 அல்லது அதற்கு முந்திய சர்வர்களோடு யுடிபி என்னும் தரவுப் போக்குவரத்து முறை வழியாக இணைந்தவர்களின் ஆர்டிபி இணைப்பு 65 வினாடிகளில் அறுந்தது. கணக்கைத் திறந்து ஒரு பற்றுச்சீட்டைத் தேடுவதற்குள் திரை போய்விடும். மார்ச் மாதத்தில் புகார்கள் பெருகின, அம்மாத இறுதியில் வந்த புதுப்பிப்பில் திருத்தம் சேர்க்கப்பட்டது.

இந்த நிகழ்வு மேம்படுத்தலுக்கு எதிரான சான்றாகத் தோன்றும். உற்றுப் பார்த்தால் இதுவும் இரு முனைகளின் வயது இடைவெளியால் வந்த கோளாறுதான். புதிய வியூவரும் ஏறத்தாழப் பத்தாண்டு வயதான சர்வரும் பேசிக்கொள்ளும் இடத்தில் அது நிகழ்ந்தது. மென்பொருள் உருவாக்குநர்கள் எல்லாப் பழைய பதிப்புகளோடும் சோதித்துப் பார்ப்பதில்லை. இடைவெளி கூடக் கூட, யாரும் சோதிக்காத கூட்டணிக்குள் நாம் போய் நிற்கிறோம். மேம்படுத்தலைத் தள்ளிப்போடுபவருக்குக் கிடைப்பது நிம்மதி அன்று, பின்னால் வட்டியோடு வரும் கடன். எனவே மேம்படுத்தாமல் இருப்பது தீர்வாகாது. அன்றே பாயாமல், ஒரு கணினியில் சோதித்து, சில நாள் பொறுத்து மற்றவற்றுக்குப் போவதே தீர்வு. பாதுகாப்புத் திருத்தம் என்றால் மட்டும் அந்தப் பொறுமையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

மேம்படுத்தல் தீர்க்காதவை

எல்லாவற்றுக்கும் அப்டேட்டே மருந்து என்பதும் தவறு. விண்டோஸ் ஹோம் பதிப்பு ஆர்டிபி இணைப்பை ஏற்காது. அதிலிருந்து பிற கணினியைப் பார்க்கலாம், அதைப் பிறர் பார்க்க முடியாது. எத்தனை முறை புதுப்பித்தாலும் இது மாறாது. புரோ பதிப்பு வேண்டும், அல்லது வேறு மென்பொருள் வேண்டும். மின்சேமிப்புக்காகத் தூங்கிவிட்ட கணினியைச் சாதாரணமாக வியூவர் எழுப்பாது. மொபைல் இணையம் பயன்படுத்தும் கடையில் பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வதால், வெளியிலிருந்து நேரடியாக உள்ளே நுழைய வழியே இருக்காது. மானிட்டர் இணைக்கப்படாத கணினியில் சில மென்பொருள்கள் கறுப்புத் திரையே காட்டும். புதிய லினக்ஸ் பதிப்புகளின் வேலேண்ட் திரை முறையில், பழைய விஎன்சி சர்வர்கள் திரையைப் பிடிக்கவே முடியாது. கடைசியாகச் சொன்னது மேம்படுத்தலால் தீரும். மற்றவை தீரா.

ஆகவே முதல் வேலை நோயை அறிவது. இணைப்பே வரவில்லையா, வந்து அறுகிறதா, வந்தும் ஏதோ ஒன்று மட்டும் வேலை செய்யவில்லையா? முதலாவது பெரும்பாலும் வலையமைப்பு, அனுமதி, பாதுகாப்பு உடன்பாடு ஆகியவற்றில் ஒன்று. இரண்டாவது வலை அல்லது பதிப்புப் பொருத்தம். மூன்றாவது பெரும்பாலும் பதிப்புதான்.

செய்யும் முறை

இந்த நிகழ்வுகள் எல்லாவற்றிலிருந்தும் சிறு அலுவலகத்துக்கு ஏற்ற ஒரு நடைமுறை உருவாகிறது.

பிழைச் செய்தியைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். “கனெக்ட் ஆகல” என்ற விவரத்தை வைத்து எந்தத் தொழில்நுட்பராலும் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு இரு முனைகளின் இயங்குதளப் பதிப்பு, வியூவர் பதிப்பு, சர்வர் பதிப்பு மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். புதிய பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பில் நம் கோளாறு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று தேட வேண்டும். குறிப்பிடப்பட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது.

மேம்படுத்துவதற்கு முன் கணக்குத் தரவுகளைத் தனி வட்டில் சேமித்துக்கொள்ள வேண்டும். மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று: தொலைத்திரை வழியாக நுழைந்து அந்தத் தொலைத்திரை சர்வரையே மேம்படுத்துவது, உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுவது போன்றது. நிறுவல் நடுவே இணைப்பு அறுந்து, மீண்டும் எழாமல் போனால் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு நேரில்தான் போக வேண்டும். அந்தக் கணினியின் அருகே ஒருவர் இருக்கும் நேரத்தில், அல்லது இரண்டாவது வழி ஒன்று தயாராக இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டும். பெரும்பாலும் சர்வரை முதலில், வியூவரைப் பிறகு மேம்படுத்துவது நல்லது.

மேம்படுத்திய பின் சோதனை. இணைகிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது. ஐந்து நிமிடம் இணைப்பில் இருந்து பார்க்க வேண்டும். “ஸ்ரீ”, “கௌ”, “ழ்” மூன்றும் வரும் ஒரு தமிழ் வரியை இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்கும் ஒட்டிப் பார்க்க வேண்டும். அச்சு எடுத்துப் பார்க்க வேண்டும். திரை வாசிப்பான் பயன்படுத்தும் ஊழியர் இருந்தால் அவரே சோதிக்க வேண்டும். இறுதியாக, கோளாறு இருந்த காலத்தில் செய்த சமாளிப்புகளை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும்: அணைத்த மறையாக்கம், மாற்றிய ரெஜிஸ்ட்ரி, ரௌட்டரில் திறந்துவிட்ட 3389, 5900 போர்ட்டுகள். போர்ட்டைப் பொது இணையத்துக்குத் திறந்து வைப்பதற்குப் பதில் விபிஎன் என்னும் மறையாக்கப்பட்ட தனிப்பாதை வழியாக உள்ளே வருவதே பாதுகாப்பு. பழைய விஎன்சி முறையில் கடவுச்சொல்லின் முதல் எட்டு எழுத்துகளே கணக்கில் கொள்ளப்படுகின்றன என்பதால், திறந்த 5900 போர்ட் மிக மெலிந்த கதவு.

செலவும் பொறுப்பும்

மேம்படுத்தல் இலவசமாக வருவதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆகவே மென்பொருளை மாற்றப் போனால் கணினியையே மாற்ற வேண்டிய நிலை பல கடைகளுக்கு வந்திருக்கிறது. அவர்களுக்கு இடைக்கால வழிகள் உண்டு. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பதிந்துகொள்ளலாம். பழைய கணினியில் லினக்ஸ் நிறுவி அதை வெறும் வியூவராகப் பயன்படுத்தலாம். லினக்ஸின் ரெமினா போன்ற இலவச வியூவர்கள் ஆர்டிபி, விஎன்சி இரண்டையும் கையாளும். செலவழிக்க வேண்டிய பணம் குறைவாக இருந்தால் அது முதலில் சர்வர் முனைக்குப் போகட்டும். தரவு இருப்பது அங்கேதான்.

தயங்குபவர்கள் சட்டத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தப்படி, தரவுக் கசிவை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை எண்ணும் சம்பளக் கணக்கும் வைத்திருக்கும் சிறு கணக்காளருக்கு, பழைய தொலைத்திரை ஒரு சட்டச் சுமையும்கூட. 2024 ஆகஸ்டில் ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களோடு தொடங்கிய இ-இன்வாய்ஸ் கடமை படிப்படியாகச் சிறிய நிறுவனங்களுக்கும் விரிந்துள்ளது. கணக்கு மென்பொருளை எப்படியும் புதுப்பித்தாக வேண்டிய இந்தக் காலமே, தொலைத்திரையையும் சேர்த்துச் சரிசெய்ய ஏற்ற தருணம்.

இன்னொரு பொறுப்பும் நமக்கு உண்டு. டைகர்விஎன்சி, ரெமினா, என்விடிஏ எல்லாம் திறந்த மூல மென்பொருள்கள். பிழையைச் சொன்னால் கேட்கும் உருவாக்குநர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒரு மொழியின் எழுத்து உதிர்கிறது என்று அம்மொழி பேசுபவர்கள் சொன்னால்தான் அது பிழையாகவே பதிவாகும். தமிழ் உடையும் ஒவ்வோர் இடத்தையும் பதிப்பு எண்ணோடு, படத்தோடு எழுதி அனுப்ப நம் இளைஞர்களால் முடியும். கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப் பள்ளிகளும் கோயில் நிர்வாகங்களும் வணிகச் சங்கங்களும் தங்களிடம் உள்ள கணினிகளின் பதிப்பு எண்களை ஒரு தாளில் எழுதி, ஆண்டுக்கு இருமுறை சரிபார்க்கும் வழக்கத்தைத் தொடங்கினால், மேலே கண்ட கோளாறுகளில் பெரும்பாலானவை ஊழியரின் வேலையைக் கெடுக்கும் முன்பே பிடிபட்டுவிடும். அந்தத் தாளில் ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு கட்டங்கள் இருக்கட்டும், ஒன்று இந்த முனைக்கு, ஒன்று மறுமுனைக்கு. இரண்டும் நிரம்பாதவரை மேம்படுத்தல் முடிந்ததாகக் கணக்கில் வைக்கக் கூடாது.